எருமைப்பல் உரைக்கும் வரலாறு

மாமல்லபுரம் செல்வோர் அனைவரும் நின்று நோக்கும் பாறை ஒன்று உண்டு. கிழக்கு நோக்கிய அதன் முகமெங்கும் உளி நடந்த தடம். பேருருவ யானைகள் கன்றுகளோடு நிற்கின்றன. மான் ஒன்று பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்துகொள்கிறது. எலிகள் சூழ்ந்திருக்கப் பூனையொன்று தவக்கோலம் பூண்டிருக்கிறது. பல்லவச் சிற்பி தன் காட்டிலும் வீட்டிலும் கண்ட விலங்குகளை அங்கே வடித்தான். அத்தோடு நிற்கவில்லை, தமிழகக் காட்டில் வாழ்ந்ததற்குச் சான்றில்லாத சிங்கத்தையும் செதுக்கினான். கண்டதும் கேட்டதும் கற்பித்ததும் கலந்து நிற்பது கலை. அதை நாம் குறை கூறுவதில்லை, வியந்து நிற்கிறோம்.

ஆனால் வேறொரு விலங்குச் சித்திரமும் இருக்கிறது. அதை வடித்த சிற்பி எவனுமில்லை. ஆதரித்த அரசன் எவனுமில்லை. அதற்கு வயது 1,300 ஆண்டன்று. பல இலட்சம் ஆண்டுகள். மண் எழுதி மண்ணே மூடி வைத்த அந்த ஏட்டைப் புரட்டியவர் யார், படித்தவர் யார், பிழைபடப் படித்துப் பின்னர் திருத்திக்கொண்டவர் யார் என்பதையே இங்கே எழுதப் புகுந்தேன்.

செங்கற்பட்டு என்று நான் சொல்வது பழைய பெரிய மாவட்டத்தை. பல்லாவரமும், திருப்பெரும்புதூரும், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கமும் அதனுள் அடங்கியிருந்தன. 1997இல் மாவட்டம் பிரிந்தது. அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019இல் மீண்டும் பிரிந்தபோது திருப்பெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றது. பல்லாவரமும் மாமல்லபுரமும் இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. ஆட்சியாளர் கோடு கிழிப்பர், அழிப்பர், மீண்டும் கிழிப்பர். மண்ணடுக்குக்கு அந்தக் கோடுகள் தெரியா.

சரளைக்குழியில் கிடைத்த சான்று

1863ஆம் ஆண்டு மே 30. பல்லாவரம் படைத்திடலுக்கு அருகே சரளைக்கல் வெட்டியெடுத்த குழி. நிலவியல் ஆய்வுத்துறையில் ஐந்தாண்டுகளாகப் பணியாற்றிவந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், வயது 28, அக்குழியில் ஒரு கல்லைக் கண்டார். ஆறு உருட்டிய கல்லாக அது இல்லை. இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, முனையைக் கூராக்கி, அடியைக் கைக்குள் அடங்கும்படி விட்டிருந்தது ஒரு கை. கைக்கோடரி! அதே ஆண்டு செப்டம்பர் திங்களில் அவரும் அவருடைய துணைவர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்து ஓடையில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு இது.

அதற்கு முன் அக்குழியில் இறங்கியவர் இல்லையா? கூடை கூடையாகச் சரளை அள்ளிய தொழிலாளர் எத்தனை பேர்! அவர்கள் கண்ணிலும் அந்தக் கற்கள் பட்டிருக்கும். சாலைக்கு அடியிலும் போயிருக்கும். ஃபூட்டின் கண்ணுக்கு மட்டும் அது கருவியாகத் தெரிந்தது எப்படி? 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் சிலர் பிரெஞ்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்று, மறைந்துபோன யானையினத்தின் எலும்புகள் கிடந்த அடுக்கிலேயே மனிதன் செய்த கற்கருவிகளும் கிடப்பதை நேரில் கண்டு உறுதி செய்தனர். அச்செய்தியை அறிந்தவர் ஃபூட். எதைத் தேடவேண்டும் என்று அவர் மூளைக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கண் கண்டது. கல்வி மறுக்கப்பட்டவனின் கையில் கிடைத்த கருவி கூழாங்கல். கற்றவனின் கையில் அதுவே வரலாறு. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வேறுபாடு இது.

அக்காலத்தில் உலகின் வயது பற்றி மதங்கள் கூறிவந்த கணக்கு என்ன? உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று ஆர்ச்பிஷப் அஷர் கணித்ததை ஐரோப்பாவில் பலர் நம்பினர். இங்கோ, கலியுகத்துக்கு மட்டும் 4,32,000 ஆண்டு என்றும், அதற்கு முந்திய யுகங்களுக்கு அதன் மடங்குகள் என்றும் புராணிகர் அடுக்கினர். ஒன்று காலத்தைச் சுருக்கிற்று, மற்றொன்று பெருக்கிற்று. இரண்டும் ஒரு முழ மண்ணைக்கூடத் தோண்டிப் பார்த்ததில்லை!

அசுரர் எலும்பும் ஆமையின் ஓடும்

மண்ணுக்குள்ளிருந்து விந்தைப் பொருள் வெளிப்பட்டபோதெல்லாம் மக்கள் விளக்கம் தேடினர். விளக்கம் தேடியது குற்றமன்று. கிடைத்த முதல் கதையோடு தேடலை முடித்துக்கொண்டதுதான் குறை.

செங்கற்பட்டுக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில், திருவக்கரை என்னும் ஊர் உண்டு. அங்கே பருத்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை மாய்க்கப்பட்ட அசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பயணி சொன்னெரா அவற்றைக் கண்டு எழுதினார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் அவை என்று நிலவியலார் மதிப்பிடுகின்றனர். வேருமின்றிக் கிளையுமின்றி அடிமரம் மட்டும் கிடப்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் புரட்டிக் கொணர்ந்து மணலில் புதைத்தவை என்றும் தெரிகிறது. அசுரன் கதை அங்கே ஓர் எலும்பைத்தான் காட்டிற்று. ஆராய்ச்சியோ ஒரு காட்டையும் ஓர் ஆற்றையும் ஒரு வெள்ளத்தையும் காட்டிற்று. எது பெரிய கதை?

வடக்கே சிவாலிக் மலையடிவாரத்தில் 1830களில் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் பேருருவ விலங்குகளின் புதைபடிவங்களைத் தோண்டினர். அவற்றுள் ஒன்று மாபெரும் நிலத்து ஆமை. உலகைத் தாங்கும் ஆமை பற்றிய புராணக் கதைக்கு இத்தகைய ஆமையே வித்தாக இருந்திருக்குமோ என்று ஃபால்கனர் கேட்டார். அதை மெய்ப்பிக்க இயலாது. அவரும் ஐயமாகவே வைத்தார். ஐயத்தை ஐயம் என்றே சொல்லும் அந்த நேர்மைதான் ஆராய்ச்சியாளனைப் புராணிகனிடமிருந்து பிரிக்கும் கோடு.

பன்னாட்டார் வந்த கதை

செங்கற்பட்டு மண்ணை நோக்கிப் பல நாட்டு அறிஞர் வந்தனர். திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் கிடைத்த இலைப்படிவங்களை ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் ஆராய்ந்து 1879இல் எழுதினார். அவை பெரணிகள், சைக்கஸ் இனத்தவை, ஊசியிலை மரங்களின் குலத்தவை. பூக்கும் செடிகள் உலகை நிறைப்பதற்கு முந்திய, 10 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. டைனோசர்கள் உலவிய ஊழி அது. இந்திய நிலம் அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்து, வங்கக் கடல் பிறந்துகொண்டிருந்த காலம். இன்று மகிழுந்துகள் உருவாகி வெளிவரும் திருப்பெரும்புதூரின் அடியில் அந்தப் பசுங்காடு கல்லாகிக் கிடக்கிறது.

1935இல் ஏல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் குழு இந்தியா வந்தது. ஹெல்முட் டி டெர்ராவும் டி. டி. பேட்டர்சனும் அதன் முதன்மையாளர். வடநாட்டு ஆய்வுகளில் அவர்களோடு சேர்ந்தவர் தெயார் தெ ஷார்டின். ஏசு சபைப் பாதிரியார், அதே வேளையில் புதைபடிவ அறிஞர். மனிதனின் தோற்றத்தைப் படிமுறை வளர்ச்சியாகக் கண்டு அவர் எழுதிய புகழ்பெற்ற நூலை அவர் வாழ்நாளில் வெளியிடத் திருச்சபை இடந்தரவில்லை. 1955இல் அவர் மறைந்த பிறகே அச்சேறிற்று. எந்த மதமானாலும் சான்றைக் கண்டு அஞ்சுவதில் ஒற்றுமை உண்டு போலும்!

அக்குழு சென்னைப் பகுதிக்கும் வந்தது. கொசத்தலை ஆற்றின் பழைய கரைப்படிகளை அளந்தது. அந்த ஆய்வில் பங்குகொண்டு பின்னர் புகழ்பெற்ற தொல்லியலாளரானவர் வி. டி. கிருஷ்ணசாமி. இமயத்தின் பனியூழிகளோடு தென்னாட்டு ஆற்றுப்படிகளை இணைத்துக் காலம் வகுக்கலாம் என்று அவர்கள் எண்ணினர். 1939இல் நூலும் வந்தது. பிற்கால ஆய்வுகளுக்கு முன் அந்தக் கால வகுப்பு நிலைக்கவில்லை. அதனால் அவர்கள் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. பின்வந்தோர் எதைச் சோதிக்கவேண்டும் என்பதை அவர்களே எழுதிவைத்துச் சென்றனர்.

பிழை திருந்திய களிமண்

இனி அத்திரம்பாக்கத்துக்கு வருவோம். இங்கே கற்கருவிகள் கிடந்த சரளைக்கு அடியில், தாள் தாளாக அடுக்கிய களிமண் படுகை ஒன்று உண்டு. ஆவடிப் பக்கத்துப் பழங்காலக் களிப்பாறையின் தொடர்ச்சியே அது என்றும், பல கோடி ஆண்டுப் பழமையான அதற்குள் மனிதன் செய்த பொருள் இருக்க இயலாது என்றும் ஃபூட் காலந்தொட்டுக் கருதிவந்தனர். 1960களில் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அகழ்ந்தபோதும் அக்கருத்து மாறவில்லை. பெரியோர் சொன்னார், நூலில் ஏறிற்று, அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

1999இல் சாந்தி பப்பு தலைமையில் அங்கே புதிய அகழாய்வு தொடங்கிற்று. குமார் அகிலேஷ், பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் பலர், யானி கன்னல் ஆகியோர் இணைந்தனர். எத்தியோப்பியாவில் ‘லூசி’ என்னும் தொல்மாந்த எலும்புக்கூடு கிடைத்த ஹடார் களத்தைக் கண்டறிந்த நிலவியலார் மாரீஸ் தையெப் அவர்களுள் ஒருவர். இக்குழு, ‘இதற்குள் எதுவும் இராது’ என்று முன்னோர் விட்ட களிமண்ணையும் தோண்டிற்று. உள்ளே கைக்கோடரிகள் இருந்தன! அது கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுடைய கடற்பாறை அன்று. வெள்ளம் வடிந்த சமவெளியில் மெல்ல மெல்லப் படிந்த வண்டல் என்பது விளங்கிற்று. 130 ஆண்டுகளுக்கு மேல் நின்ற கருத்து ஒரு மண்வெட்டியின் முன் மண்டியிட்டது.

ஃபூட் மீது பழி சுமத்த இதைச் சொல்லவில்லை. அவர் வழியில் வந்தவர்களே அவர் பிழையைத் திருத்தினர். திருத்தியபின்னும் அவரைப் போற்றுகின்றனர். மண் பொய் சொல்வதில்லை; படிப்பவன் பிழைபடுவான். பிழையைச் சுட்டுவோனைப் பழிக்காமல் பாராட்டும் முறையைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது ஆராய்ச்சி. ‘ஆதியில் எழுதியது, அசைக்காதே’ என்பது வேதாந்தம்.

காலத்தை எப்படிக் கண்டனர்? தரையின் மேல் கிடக்கும் பளிங்குக் கல்லை வானிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் தாக்கும்போது, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்கத் தனிமங்கள் அதில் மிக நுண்ணிய அளவில் உண்டாகும். கல் ஆழப் புதைந்ததும் அந்த வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். ஒன்று விரைவாகக் கரையும்; மற்றொன்று மெதுவாக. எஞ்சியுள்ள இரண்டின் விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் தெரியும். புவியின் காந்த முனைகள் பண்டைக்காலத்தில் இடம் மாறியிருந்த தடமும் களிமண்ணில் பதிந்திருந்தது. இவ்விரு வழியாலும் அக்கருவிகள் 10 இலட்சம் ஆண்டுக்குக் குறையாதவை, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தனர். 2018இல் ‘நேச்சர்’ இதழில், மேலடுக்குக் கருவிகளில் புதிய தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன்பே தலைகாட்டுகிறது என்றும் காட்டினர்.

கற்கள் மட்டுமா? விலங்குகளும் இருந்தன. செம்புரைக்கல் மண்ணின் புளிப்பு எலும்பை அரித்துவிடும். அதனால் இப்பகுதியில் எலும்பு கிடைப்பது அருமை. ஆயினும் எருமை, குதிரை, நீலமான் ஆகிய குலங்களைச் சேர்ந்த பற்கள் சில கிடைத்தன. களிமண் ஈரமாக இருந்தபோது விலங்குகள் நடந்த காலடித் தடங்களும் குளம்புச் சுவடுகளும் அப்படியே இறுகிக் கிடந்தன.

ஒரு பல் என்ன சொல்லும்? எருமைக்குத் தண்ணீர் வேண்டும், சேறு வேண்டும். குதிரைக்கும் நீலமானுக்கும் திறந்த புல்வெளி வேண்டும். இம்மூன்றும் ஓரிடத்தில் வாழ்ந்தன எனில், அங்கே நீரும் இருந்தது, புல்லும் இருந்தது, அடர்காடு எங்கும் மூடியிருக்கவில்லை. இன்று முட்புதர் மண்டிய அத்திரம்பாக்கம், அன்று ஈரம் கசியும் பரந்த வெளி! அந்தக் குதிரை, தேர் பூட்டிய குதிரையன்று; எவரும் ஓட்டிவந்த குதிரையுமன்று. வளர்ப்புக் குதிரை தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டு முந்திய காட்டு விலங்கு. அதைக் கொண்டு வேதகாலக் கதை கட்ட நினைப்பவர் ஏமாறுவர்.

நிலத்தின் தன்மை மாறும் என்பது தமிழுக்குப் புதிய சிந்தனையுமன்று. நிலத்தை ஐந்திணையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் விலங்கும் பறவையும் மரமும் குறித்தவர் நம் முன்னோர். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறினார். அந்தப் பார்வையை ஆயிரம் ஆண்டுகளிலிருந்து இலட்சம் ஆண்டுகளுக்கு நீட்டியதே புதைபடிவ ஆராய்ச்சி.

பிழைத்த விலங்குகளும் பிழைக்குமா என்ற கேள்வியும்

1883 முதல் 1885 வரை ஃபூட்டும் அவர் மகனும் கர்நூல் பக்கத்துப் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டினர்; அன்று அது சென்னை மாநிலத்துப் பகுதி. அங்கே காண்டாமிருகத்தின் எலும்புகூடக் கிடைத்தது. பல நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்து அதே குகைகளை மீண்டும் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் குறைந்தது 1 இலட்சம் ஆண்டாக இந்தியத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து வாழ்கின்றன! அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருவிலங்குகள் கூட்டங்கூட்டமாக மறைந்த காலத்தில், இங்கே அவை தாக்குப்பிடித்தன. ஓரிடம் வறண்டால் வேறிடம் பெயர்ந்தன. துண்டு துண்டான காடுகளிலும் ஒண்டி வாழ்ந்தன. கர்நூலில் வாழ்ந்த காண்டாமிருகம் இன்று பிரம்மபுத்திரா வெளியிலும் இமயத்தடித் தராய் நிலத்திலும் எஞ்சியிருக்கிறது.

பெயர்ந்து செல்ல இடமிருந்ததால் பிழைத்தன. இன்று பெயர்வதற்கு இடம் எங்கே? வேலியும், கற்சுரங்கமும், நெடுஞ்சாலையும் குறுக்கே நிற்கின்றன. இயற்கையின் வறட்சியை வென்ற விலங்கு மனிதனின் பேராசையை வெல்லுமா?

நமக்கும் ஒரு புராணம் வேண்டா

தோழர்களே, இனிச் சொல்லப்போவது பிறருக்கன்று, நமக்கே.

15 இலட்சம் ஆண்டு என்றதும் நம்மில் சிலர் தோள் தினவெடுக்கிறது. ‘பார், தமிழன் பழமையை!’ என்று மேடையில் முழங்கத் தோன்றுகிறது. அத்திரம்பாக்கத்தில் அன்று கல் செதுக்கியவர் தமிழருமல்லர், ஆரியருமல்லர். நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுப் பழமையானவை. அவை கிடைத்ததும் மொராக்கோவில். அக்கைக்கோடரிகளைச் செய்தவர் நமக்கு முந்திய மாந்தக்குலத்தார். அவர்கள் பேசிய மொழிக்குப் பெயரில்லை, சாதியுமில்லை, சாமியுமில்லை.

‘இலெமூரியா’ கதையையும் எண்ணிப் பாருங்கள். 1864இல் விலங்கியலார் பிலிப் ஸ்க்ளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் உறவை விளக்க, இடையே ஒரு கண்டம் இருந்திருக்கலாம் என்றார். குரங்கினத்து இலெமூருக்காக எழுந்த அந்தக் கருத்தை, நாம் குமரிக்கண்டம் என்று கொண்டாடினோம். கண்டங்கள் நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்டபின் இலெமூரியாவுக்குத் தேவையில்லாது போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் முன்பு ஒன்றாகவே ஒட்டியிருந்தன, பின்னர்ப் பிரிந்தன. அதற்குச் சான்று நம்மிடமே உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இந்திய, அயல்நாட்டு ஆய்வாளர் சேர்ந்து கண்டு 2013இல் அறிவித்த படிவங்களுள், மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்னும் பழம்முதலையை ஒத்த ஒன்றும் இருக்கிறது. மூழ்கிய கண்டம் போயிற்று. நகரும் கண்டம் வந்தது. பழைய கருத்துக்காக நாம் அழுதால், பூனையைத் தவசி என்று நம்பிய எலிக்கும் நமக்கும் வேறுபாடென்ன?

மாமல்லபுரக் கடலிலும் இப்பாடம் உண்டு. 2002இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் டார்செட்டைச் சேர்ந்த ஆய்வுச் சங்கமும் கரைக்கு அப்பால் நீரில் மூழ்கிய கட்டுமானங்களைக் கண்டன. உடனே, ‘பனியூழிக் கால நாகரிகம்’ என்று பரபரத்தோர் உண்டு. ஆராய்ந்தவரோ, அவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்றளவில் நின்றனர். 20,000 ஆண்டுக்கு முன் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது மெய்; கரை இன்னும் கிழக்கே இருந்ததும் மெய். அதைக் கொண்டு ஒவ்வொரு மூழ்கிய சுவரையும் அக்காலத்துக்குத் தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபோது, புதைந்திருந்த சிற்பங்கள் சில வெளிப்பட்டன. கடல் கொடுத்ததை அளந்து குறித்துக்கொண்டனர் தொல்லியலார். அதுதான் முறை.

செய்யவேண்டியது

பல்லாவரம் இன்று நகரம். ஃபூட் இறங்கிய சரளை நிலத்தின்மேல் வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. மக்கள் வாழ வீடு வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆனால் எஞ்சிய செம்மண் மேடுகளையும் ஓடைக்கரைகளையும், என்ன இருக்கிறது என்று பாராமலே லாரி லாரியாக அள்ளிச் செல்வது, ஒரே படியுள்ள சுவடியை அடுப்பில் போடுவதற்கு ஒப்பாகும். எரிந்த சுவடியை நினைவிலிருந்தாவது எழுதலாம். வெட்டியெடுத்த மண்ணடுக்கை எந்த அறிஞனும் மீண்டும் அடுக்க முடியாது.

இளைஞர்களே, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்; ஃபூட் திரட்டிய கற்கள் அங்கே உள்ளன. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. விடுமுறை நாளில் தம்பி தங்கையரை அழைத்துச் செல்லுங்கள். ஓடையோரத்தில் செதுக்கிய கல்லோ, கல்லான பல்லோ கண்ணில் பட்டால், வீட்டு அலமாரிக்கு எடுத்துவராதீர்கள். எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதே அதன் பாதி வரலாறு. இடத்தைக் குறித்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் ஊரில் மண் வெட்டும் தொழிலாளரிடமும் இதைச் சொல்லுங்கள். 1863இல் அவர்களுக்குச் சொல்லித்தர எவருமில்லை. இன்று நாம் இருக்கிறோம்.